ஸ்கான் எடுத்தால் ஒருவரின் கட்சி தெரியுமா?

2 மே 2025 (ஒரு வாசகரின் கேள்வி)

மூளையை ஸ்கான் பண்ணினால் ஒருவர் எந்தக் கட்சிக்குப் புள்ளடி போடுவார் என்று சொல்லிவிடலாமாம். நேற்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உள்ளூராட்சித் தேர்தலுக்கு நாலு நாள்தான் இருக்கிறது, எங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று கட்சி. இது உண்மையென்றால் எதற்குச் சண்டை பிடிக்கிறோம்? பிறவிக் குணம் என்று விட்டுவிடலாமே. விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

3 மே 2025, இரவு

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மூளை ஆராய்ச்சி என் தொழில் இல்லை. ஆனால் போன நவம்பரிலிருந்து இதைத் தேடித்தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வீட்டுக் காரணம் ஒன்று இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

அந்த வீடியோ சொல்வது அநேகமாக 2011இல் வந்த லண்டன் ஆய்வு. நடிகர் கொலின் பேர்த் பிபிசி வானொலியின் காலை நிகழ்ச்சி ஒன்றுக்கு விருந்தினர் ஆசிரியராக இருந்தபோது கிளப்பிவிட்ட யோசனை அது. யூனிவர்சிட்டி கொலிஜ் லண்டன் விஞ்ஞானிகள் 90 இளம் ஆட்களின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நீங்கள் எவ்வளவு தாராளவாதி, எவ்வளவு பழைமைவாதி என்று அவர்களிடமே கேட்டார்கள். பழைமைப் பக்கம் நின்றவர்களுக்கு வலது அமிக்டலா கொஞ்சம் பெரிதாக இருந்தது. பாதாம் பருப்பு அளவில், பயத்தோடு தொடர்புள்ள பகுதி அது. தாராளப் பக்கம் நின்றவர்களுக்கு முன் சிங்குலேற் என்கிற பகுதி பெரிதாக இருந்தது. ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு விசயம் வரும்போது கவனிக்கிற இடம் என்று அதைச் சொல்வார்கள்.

ஆகவே கேள்விக்கு என் பதில்: ஓரளவுக்கு உண்மை.

4 மே 2025, காலை

நேற்று எழுதியதை அப்படியே விடக்கூடாது. கீழே ஒரு தம்பி "90 பேர் போதுமா அண்ணை?" என்று கேட்டிருக்கிறார். போதாது. 2024இல் நெதர்லாந்தில் 928 பேரை வைத்து அதே விசயத்தை மறுபடி பார்த்தார்கள். சிங்குலேற் சங்கதி கிடைக்கவே இல்லை. அமிக்டலா தொடர்பு இருந்தது, ஆனால் முதல் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். சராசரியில் ஒரு எள்ளு அளவு வித்தியாசம். அந்த எள்ளை வைத்துத் தனி ஒரு ஆளின் வாக்கைச் சொல்ல முடியாது. அமிக்டலா பெரிதாக இருந்ததால் கருத்து வந்ததா, அல்லது வாழ்ந்த வாழ்க்கை அதைப் பெரிதாக்கியதா என்பதற்கும் ஸ்கானில் பதில் இல்லை.

இன்னொன்று. தாராளவாதி, பழைமைவாதி என்ற கோட்டில் எங்கள் ஆட்களை எங்கே வைப்பது? எங்கள் கட்சிச் சின்னங்களில் வீடு எங்கே, சைக்கிள் எங்கே, வீணை எங்கே, திசைகாட்டி எங்கே? யாழ்ப்பாணத்தில் ஒருவர் சாதி விசயத்தில் ஒரு பக்கமும், காணி விசயத்தில் இன்னொரு பக்கமும், தேசியம் என்று வந்தால் மூன்றாவது பக்கமும் நிற்பார். லண்டன் கோடு எங்களுக்குப் பொருந்தாது.

"ஓரளவுக்கு உண்மை" என்று எழுதியதை மாற்றுகிறேன். உண்மை இல்லை. ஆனால் மூளை ஆராய்ச்சியால் பிரயோசனமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். யாருக்கு வாக்கு என்பதை விட்டுவிட்டு, கருத்தைத் தொட்டால் ஏன் ஆள் கொதிக்கிறார் என்று கேட்டால் அங்கே சொல்ல விசயம் இருக்கிறது.

5 மே 2025, இரவு

வீட்டுக் காரணம் என்று சொன்னேன் அல்லவா.

போன வருசம் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. தெற்குக் கட்சி ஒன்று இங்கே முதலாவதாக வரும் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை. அடுத்தநாள் காலை என் மாமா, அம்மாவின் தம்பி, சைக்கிளில் வந்தார். தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தைத் தவிர வாழ்க்கையில் வேறெதற்கும் புள்ளடி போடாதவர். விறாந்தைக் கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா.

"ஆரடா உவங்களுக்குப் போட்டது?" என்று பொதுவாகத்தான் கேட்டார். நான் "நான் போட்டனான் மாமா" என்றேன்.

கோப்பை தட்டில் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. கை அவ்வளவுக்கு நடுங்கியது. நெற்றியில் வியர்வை. "நீயுமா தம்பி? அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் செத்தது என்னத்துக்கு?" என்று கேட்டார். நான் வேலைவாய்ப்பு, லஞ்சம், வீதி என்று அடுக்கிக்கொண்டே போனேன். பாதித் தேத்தண்ணியோடு எழும்பினார், படலையைச் சாத்தாமல் போனார். குடை கதிரைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அது எங்கள் விறாந்தையில்தான் இருக்கிறது. ஆறு மாதம் ஆகப்போகிறது, மாமா வரவில்லை.

என் தகப்பன் 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு நோயில் போய்விட்டார். எனக்குச் சைக்கிள் பழக்கியது மாமா. அதனால்தான் வாசிக்கத் தொடங்கினேன்.

6 மே 2025

வாக்களித்துவிட்டு வந்தேன். விரல் மை இன்னும் காயவில்லை. வரிசையில் மாமா நிற்கிறாரா என்று பார்த்தேன். அவர் விடிய ஏழு மணிக்கே வந்து போய்விட்டாராம்.

8 மே 2025

அந்த விறாந்தைக் காலைக்கு மிகக் கிட்ட வருகிற ஆய்வு 2016இல் வந்தது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜோனாஸ் கப்லானும் கூட்டாளிகளும் செய்தது. அரசியலில் உறுதியான தாராளவாதக் கருத்துள்ள 40 பேரை ஸ்கானருக்குள் படுக்கவைத்து, அவர்கள் நம்புகிற வசனங்களைக் காட்டி, பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதங்களைக் காட்டினார்கள். பாதி வசனங்கள் அரசியல். மற்றப் பாதி, மின்குமிழைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்பது போன்றவை.

எடிசன் விசயத்தில் ஆட்கள் இலகுவாக இறங்கிவந்தார்கள். அரசியல் வசனங்களில் மிகக் கொஞ்சம்தான் அசைந்தார்கள். அந்த நேரத்தில் மூளையில் எது வேலை செய்தது என்றால், வெளியே பார்க்காமல் "நான்" என்று உள்ளே யோசிக்கும்போது வேலை செய்கிற பகுதிகள். அமிக்டலாவும், உடம்புக்குள் நடப்பதை உணர்கிற இன்சுலாவும் யாருக்குக் கூடுதலாக வேலை செய்ததோ அவர்கள் குறைவாகவே மாறினார்கள்.

இதை வாசித்தபோது எனக்குத் தெரிந்தது மாமாவின் கோப்பைதான். நான் சொன்ன வேலைவாய்ப்பும் வீதியும் அவருடைய காதில் விழவில்லை. "நீ வாழ்ந்த வாழ்க்கை பிழை" என்பதுதான் விழுந்தது. அமிக்டலா அடித்தது, கை நடுங்கியது.

8 மே 2025, ஒரு மணித்தியாலம் கழித்து

மேலே எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக்காட்டினேன். "நீதான் முதல் சத்தம் போட்டனீ" என்றா. யோசித்துப்பார்த்தேன். சரிதான். "லஞ்சம் வாங்கினவங்களுக்குத்தானே இவ்வளவு காலமும் போட்டனீங்கள்" என்று நான் சொன்னதை 5ஆம் திகதிக் குறிப்பில் எழுதாமல் விட்டிருக்கிறேன். வேண்டுமென்று மறைக்கவில்லை. எழுதும்போது அது நினைவுக்கே வரவில்லை. என் காது சூடாகி இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆகவே ஸ்கானருக்குள் மாமாவை மட்டும் படுக்கவைப்பது நியாயமில்லை.

10 மே 2025

மருத்துவபீடத்தில் படிக்கிற என் பழைய மாணவி ஒருத்தி தனியே எழுதியிருந்தாள்: "சேர், அமிக்டலா எண்டால் பயம் எண்டு எழுதுறதை விடுங்கோ." அவளுக்கு நன்றி. மூன்றாம் திகதியிலிருந்து நான் விட்ட பெரிய பிழை இது.

எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படுகிற அமெரிக்கப் பெண் ஒருவர் இருக்கிறார். அரிதான ஒரு நோயால் அவருடைய இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டன. பாம்பைப் பார்த்துப் பயப்படமாட்டார், பயப்படப் பண்ணுகிற படம் போட்டாலும் பேசாமல் இருப்பார். ஆனால் 35 வீதம் காபனீரொட்சைட்டு கலந்த காற்றை ஒருமுறை மூச்சில் எடுக்க வைத்தபோது பதறித் திணறிப்போனார். 2013இல் வெளிவந்த ஆய்வு. அமிக்டலா இல்லாமலே பயம் வந்தது. மறுபக்கம், சந்தோசமான விசயத்துக்கும், புது முகத்துக்கும், சாப்பாட்டுக்கும் அமிக்டலா வேலை செய்யும். தனக்கு முக்கியமான எதற்கும் அது தலை நிமிரும்.

ஆகவே "இந்த இடம் வேலை செய்தது, அப்படியென்றால் இவருக்குப் பயம்" என்று பின்பக்கமாக வாசிக்கக்கூடாது. புகை வந்தால் அடுப்பாகவும் இருக்கலாம், குப்பை எரிப்பதாகவும் இருக்கலாம், கோயில் சாம்பிராணியாகவும் இருக்கலாம்.

இதே வகையில் இன்னொரு பிரபலமான கதையும் விழுந்துபோனது. 2008இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 46 பேருக்குப் பயங்கரப் படங்களைக் காட்டி, கடும் பாதுகாப்புக் கொள்கைகளை ஆதரிப்பவர்களுக்குத் தோல் வியர்ப்பது கூட என்று கண்டார்கள். உலகம் முழுக்கப் பரவிய செய்தி. 2020இல் 200 பேருக்கு மேல் வைத்து, என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே பதிந்துவிட்டுத் திருப்பிச் செய்தார்கள். வித்தியாசம் இல்லை. வீடியோக்காரர் யாரும் இந்த இரண்டாவதைச் சொல்வதில்லை.

13 மே 2025

இது என் சொந்த யோசனை. ஆய்வு முடிவு இல்லை, பிரித்து வாசியுங்கள்.

எலியொன்றுக்கு ஒரு ஒலியைக் கேட்கவைத்து, உடனே சின்ன மின்னதிர்ச்சி கொடுத்தால், சில தரத்துக்குள்ளேயே ஒலி கேட்டதும் அது விறைத்து நிற்கும். இந்தப் படிப்புக்கு அமிக்டலா அவசியம் என்று ஜோசப் லெடூ போன்றவர்கள் காட்டினார்கள். பிறகு அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத்திரும்பக் கொடுத்தால் விறைப்பு குறையும். ஆனால் பழைய படிப்பு அழிவதில்லை. அதற்குமேல் "இங்கே பயமில்லை" என்ற புதிய படிப்பு ஏறுகிறது. இடத்தை மாற்றினால் பழையது திரும்பி வரும்.

அம்மா இன்றைக்கும் கோயில் திருவிழாவில் முதல் வெடிச் சத்தத்துக்குக் குனிவா. அது வெடி என்று தெரியும், திகதியும் தெரியும், என்றாலும் உடம்பு முந்திவிடும். பங்கருக்குள் படித்த பாடம்.

எங்களுக்கு ஒலி மட்டுமா இப்படிப் பழகியது? "துரோகி" என்ற சொல்லை யோசித்துப்பாருங்கள். எழுபதுகளின் நடுவிலிருந்து முப்பது வருசத்துக்கு மேல் அந்தச் சொல் வந்த பின்னால் பல தரம் சாவு வந்தது. ஒன்றல்ல, எல்லாப் பக்கத்துத் துவக்குகளிலிருந்தும் வந்தது. கருத்தை மாற்றுவது, மாற்றியதை வெளியில் சொல்வது, மாற்றியவனோடு சேர்ந்து தேத்தண்ணி குடிப்பது, இதெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட விசயமாக இருந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் அக்காள் மகன் "நான் மாறிப் போட்டேன்" என்று சொன்னால் ஒரு அறுபத்தேழு வயது மனுசனுக்கு வருகிற கலக்கத்தைப் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வேன்? எனக்காகக்கூட அவர் பயந்திருக்கலாம். இத்தனை மாதமும் இது எனக்குத் தோன்றவில்லை.

14 மே 2025

கனடாவிலிருந்து எழுதும் அண்ணை ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: "எங்கட அரசியலை எலியின்ர நோயாக்கப் பார்க்கிறியா? காணி பிடிச்சது உண்மை, காணாமல் போனது உண்மை. அதுக்குக் கோபம் வந்தால் அமிக்டலாவா?"

அவர் சொல்வது சரி, நான் எழுதிய விதம் பிழை. ஒருவரின் கோபம் மூளையில் எங்கே நடக்கிறது என்று காட்டினால் அந்தக் கோபம் பொய்யாகிவிடாது. வயிறு எப்படிப் பசிக்கிறது என்று உயிரியலில் படிப்பிக்கிறேன். அதனால் பசிக்கிறவனுக்குச் சோறு வேண்டாம் என்று ஆகிவிடுமா? பிள்ளையின் படத்தோடு வீதியோரத்தில் இருக்கிற தாய்மாருக்கு நரம்பு விஞ்ஞானம் பதில் இல்லை. அவர்களுக்கு வேண்டிய பதில் வேறு இடத்தில் இருக்கிறது.

யார் சரி என்று மூளை ஆராய்ச்சியைக் கேட்காதீர்கள். விறாந்தையில் இரண்டு பேர் ஏன் ஒருவரை ஒருவர் கேட்க முடியாமல் போனார்கள் என்பதை மட்டும் கேளுங்கள். அவ்வளவுக்குத்தான் நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

18 மே 2025

முள்ளிவாய்க்கால் நினைவுநாள். சந்தியில் கஞ்சி கொடுத்தார்கள். உப்பில்லாத கஞ்சி. வீடு, சைக்கிள், திசைகாட்டி எல்லாரும் சிரட்டையோடு ஒரே வரிசையில் நின்றோம். இன்றைக்கு வேறொன்றும் எழுதவில்லை.

19 மே 2025

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் இடமான சோனகதெருவில் ஒரு குடும்பத்தில் பிறந்து இப்போது புத்தளத்தில் இருக்கிற ஒருவர் எழுதியிருந்தார். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லிப் புலிகள் அவர்களை அனுப்பியபோது அவருக்கு எட்டு வயது. "பக்கத்து வீட்டு ஆட்கள் அழுதவை. ஆனால் அதுக்குப் பிறகு கனகாலம் ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. இதுக்கு உங்கட விஞ்ஞானத்தில விளக்கம் இருக்கா?" என்று கேட்கிறார்.

முழு விளக்கம் இல்லை. ஒரு துண்டு இருக்கிறது. 2010இல் சூரிச்சில் காற்பந்து ரசிகர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தன் அணி ரசிகனுக்கு வலி கொடுப்பதைப் பார்க்கும்போது இன்சுலாவின் முன்பகுதி கூடுதலாக வேலை செய்தது. அது எவ்வளவு வேலை செய்ததோ அந்த அளவுக்கு, அவனுடைய வலியில் பாதியைத் தான் வாங்கிக்கொள்ளவும் முன்வந்தார்கள். எதிரணிக்காரனுக்கு அதே வலி கொடுக்கும்போது இரண்டும் குறைந்தது. வெறும் காற்பந்துக்கே இப்படி. எங்கள் இரண்டு பாடசாலைகளின் கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெருஞ்சமர் நடக்கிற மூன்று நாளும் சென்ற்ரல் காரனும் சென்ற். ஜோன்ஸ் காரனும் எப்படி இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஜே வான் பாவல் என்பவரின் குழு 2008இல் வெள்ளையரையும் கறுப்பரையும் கலந்து இரண்டு அணி பிரித்து முகங்களை மனப்பாடம் பண்ணச் சொன்னது. சில நிமிடம்தான். அதற்குள் மூளை தோல் நிறத்தை விட்டு அணியைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. "எங்கட ஆள்" என்ற கோடு கல்லில் வெட்டியது இல்லை.

ஆனால் இதை எழுதும்போதே எனக்கு ஒரு தயக்கம். எங்கள் மௌனத்துக்குக் காரணம் இன்சுலா மட்டும் இல்லை, துவக்கும்தான். துவக்கு போனபிறகும் கதைக்காததற்கு அந்தக் காரணமும் இல்லை. சோனகதெருப் பக்கம் எத்தனையோ தரம் சைக்கிளில் போயிருக்கிறேன். எனக்கும் எட்டு வயதுதான் அப்போது. அவர் கேட்கும்வரை நானும் எழுதவில்லை.

27 மே 2025

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து "அப்ப என்னதான் செய்யிறது அண்ணை?" என்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மியாமியில் டேவிட் புறூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இருவர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. வாக்காளர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, திருநர் பற்றிச் சுமார் பத்து நிமிடம் கதைத்தார்கள். வாதாடவில்லை. "உங்களை ஆராவது வித்தியாசமானவர் என்று ஒதுக்கிய சம்பவம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். திருநர் மீதான வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது.

நான் மாமாவை மாற்றப்போவதில்லை. அதற்காக அவரிடம் போனால் அது இன்னொரு பிரசாரம். எனக்கு அவர் வரவேண்டும், அவ்வளவுதான்.

1 ஜூன் 2025, இரவு

மாமா வந்தார்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாள் நினைவுக்குப் போய்விட்டு வருகிற வழியில் படலையைத் திறந்தார். "என்ர குடை கிடக்கோ?" இருக்கிறது என்றேன், எடுத்துக் கொடுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன்.

"மாமா, நீங்கள் முதல் முதல் எப்ப வாக்குப் போட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன். நாற்பது நிமிடம் கதைத்தார். 1977, இருபது வயது. தாத்தாவோடு நடந்து போனாராம். தாத்தா வெள்ளை வேட்டி கட்டி, கோயிலுக்குப் போவதுபோல வெறுங்காலோடு போனாராம். "உதயசூரியனுக்குப் போட்டனான். கூட்டணியின்ர சின்னம்."

5ஆம் திகதி நான் எழுதியது பிழை. வீட்டுச் சின்னத்தைத் தவிர வேறெதற்கும் போடாதவர் இல்லை அவர். 2001இலும் உதயசூரியன்தான், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்துக்கு மாறியது 2004இல். புலிகள் புறக்கணிக்கச் சொன்ன 2005 ஜனாதிபதித் தேர்தலில் போகவே இல்லையாம். "போகவேண்டாம் எண்டவங்கள், போகேல்லை. அதுவும் சரியோ எண்டு பிறகு கனநாள் யோசிச்சனான்." இதை அம்மாவே இன்றைக்குத்தான் கேட்டா.

1981 பற்றியும் சொன்னார். இருபத்துநாலு வயது. 97,000 புத்தகம் என்று நாங்கள் எண்ணிக்கை சொல்வோம். அவர் சொன்னது வாசிப்பு மேசையை. ஜன்னலோரம் மூன்றாவது மேசை, ஒரு கால் ஆடும், கடதாசி மடித்து வைத்துத்தான் இருந்து வாசிப்பாராம்.

போகும்போது "இந்தமுறை ஆருக்குப் போட்டனீ எண்டு நான் கேக்கேல்லை, நீயும் சொல்லாதை" என்றார். குடையை மறந்துவிட்டார்.

3 ஜூன் 2025

சின்னம் மாறியதை மாமா தன் கதையில் மாற்றமாகவே எண்ணவில்லை. "எப்பவும் ஒரே பக்கம்தான்" என்கிறார். குறை சொல்வதற்காக எழுதவில்லை. 1973இல் அமெரிக்காவில் ஆட்களிடம் அரசியல் கருத்தைக் கேட்டு, 1982இல் மறுபடி கேட்டு, ஒன்பது வருசத்துக்கு முதல் என்ன சொன்னீர்கள் என்றும் கேட்டார்கள். கிறெகரி மார்க்கஸ் அதை ஆராய்ந்தார். அவர்கள் நினைவுகூர்ந்தது 1973இன் கருத்தைவிட 1982இன் கருத்துக்குக் கிட்ட இருந்தது. மாறிவிட்டு, மாறவில்லை என்று நம்புகிறோம்.

எனக்கும் இது உண்டு. நவம்பரில் புள்ளடி போட்டபோது நூறு வீதம் உறுதியாக இருந்ததாக நினைத்தேன். அன்றைய என் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "தெரியவில்லை, போய்த்தான் பார்ப்போம்" என்று இருக்கிறது.

8 ஜூன் 2025

குடை எடுக்க மாமா இன்றைக்குத் திரும்பவும் வந்தார். இங்கே எழுதியிருப்பதை அம்மா சொல்லிவிட்டா. முழுதையும் வாசித்துக்காட்டச் சொன்னார். கோப்பை நடுங்கிய இடத்தில் கையை உயர்த்தினார்.

"அண்டைக்குக் கை நடுங்கினது கோவத்தில இல்லையடா. முடிவு கேட்டு இரவிரவா நித்திரை இல்லை. காலமை சீனிக் குளிசையைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் வந்தனான். சீனி இறங்கிப்போச்சு. கொம்மா சீனியில்லாத தேத்தண்ணியைத் தந்தவ. விழுந்திடுவன் எண்டுதான் கெதியா எழும்பினனான். சந்திக் கடையில ஒரு சோடா குடிச்சுத்தான் வீட்ட போனனான்."

கொஞ்ச நேரம் கழித்து, "கோவமும் இருந்தது. இல்லை எண்டு சொல்லமாட்டன்" என்றார்.

நடுக்கமும் வியர்வையும் குளுக்கோசு இறங்கும்போது வரும் என்று வருசாவருசம் வகுப்பில் படிப்பிக்கிறவன் நான். 8 மே குறிப்பில் "அமிக்டலா அடித்தது, கை நடுங்கியது" என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். கீழே இதையும் சேர்த்து வாசியுங்கள்.

மாமா வெள்ளிக்கிழமையும் வருவதாகச் சொன்னார். அம்மா இப்போது அவருக்குத் தேத்தண்ணியோடு தட்டில் இரண்டு விசுக்கோத்தும் வைக்கிறா.